அமைதிக் கல்வியும் கல்லூரி ஆசிரியர்களும் (சேலம், நாமக்கல் பகுதி)

சேலம், நாமக்கல் சமவெளியில் ஊர் அமைதி கெடுவதற்குப் பெரும்பாலும் சாதியே காரணம். அதனால் இங்கே அமைதிக் கல்வி என்பது சாதியைப் பற்றி வகுப்பறையில் வாய்திறந்து பேசுவதிலிருந்துதான் தொடங்க முடியும். அந்த வேலையைச் செய்தது அமைதிக்கென அமைந்த தனித்துறை அல்ல. அரசு கலைக் கல்லூரி ஒன்றின் தமிழாசிரியர்.

அமைதி ஆய்வு தனித்துறையாக வளர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. நார்வே நாட்டு அறிஞர் யோஹான் கால்டுங் 1959இல் ஒஸ்லோவில் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். அடிதடி இல்லாவிட்டாலும், ஒரு சாராரைக் காலமெல்லாம் கீழே வைத்திருக்கும் சமூக அமைப்பே வன்முறைதான் என்று 1969இல் எழுதினார். தமிழ்நாட்டில் இத்துறைக்கு இடம் கொடுத்தது, சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமம். 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான அங்கே காந்தியச் சிந்தனையும் அமைதி அறிவியலும் ஒரே துறையில் கற்பிக்கப்படுகின்றன.

சேலம் வட்டாரத்தில் அமைதிக் கல்விக்கு முன்னோடி, திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் அமைத்த காந்தி ஆசிரமம். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை அதன் பணிகள்.

நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகன், தம் வீட்டு மொட்டை மாடியில் ‘கூடு’ என்ற பெயரில் சந்திப்புகள் நடத்திவந்தார். மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் நண்பர்களும் கூடிப் படித்ததையும் எழுதியதையும் விவாதித்தார்கள். அதன் விளைச்சல்களில் ஒன்று 2013இல் அவர் தொகுத்த ‘சாதியும் நானும்’. பல சாதிகளைச் சேர்ந்த 32 பேர் தங்கள் வாழ்வில் சாதி நுழைந்த இடங்களைச் சொன்ன கட்டுரைகள் அவை. கொட்டாங்குச்சியில் ஊற்றித் தரப்பட்ட வரக்காப்பி அதில் வரும் ஒரு காட்சி. கால்டுங் கோட்பாடாகச் சொன்னதை இந்த மாணவர்கள் தம் வீட்டு வாசலிலும் பள்ளிக்கூடத்திலும் கண்டதாக எழுதினார்கள். ஒடுக்கியவர் வீட்டுப் பிள்ளையும் ஒடுக்கப்பட்டவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே நூலில் பெயர் போட்டு எழுதியது இவ்வட்டாரத்தில் சாதாரணச் செயல் அல்ல. அந்தத் துணிவை மாணவர்களுக்கு ஊட்டியதே ஆசிரியரின் பெரும்பணி.

அந்த ஆசிரியருக்கே சோதனை வந்தது. 2010இல் வெளியான அவருடைய ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்து 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் போராட்டம் கிளம்பியது. மறுமாதம் கடையடைப்பும் நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட நிர்வாகம் கூட்டிய அமைதிப் பேச்சுவார்த்தையில், நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்து அவர் எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்துவிட்டு எழுதுவதை நிறுத்தினார். ஒரு தரப்பின் வாயை அடைத்துப் பெற்ற அந்த அமைதியையும், எல்லாத் தரப்பையும் பேசவைத்த மொட்டை மாடியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அமைதிக் கல்வி எங்கே நடந்தது என்பது விளங்கும்.

அதே ஆண்டு ஜூனில், திருச்செங்கோட்டில் பொறியியல் படித்த ஓமலூர் தலித் மாணவர் ஒருவர், வேறு சாதி மாணவியுடன் பேசிப் பழகியதற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இறந்தவரும் மாணவர், உடன் பழகியவரும் மாணவி. கல்லூரிகள் சாதியைப் பாடத்துக்கு வெளியே வைத்திருக்க முடியாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

நாமக்கல் பேச்சுவார்த்தையில் எழுதி வாங்கிய உடன்பாடு பெருமாள்முருகனைக் கட்டுப்படுத்தாது என 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மீண்டும் எழுதத் தொடங்கினார்; பின்னர் சேலம் மாவட்டம் ஆத்தூர் அரசு கலைக் கல்லூரியிலும் பணியாற்றினார். ‘சாதியும் நானும்’ சி.எஸ். லக்ஷ்மியின் (அம்பை) மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வெளிவந்து, இச்சமவெளிக்கு வெளியேயும் படிக்கப்படுகிறது.