முடக்குவாதம்: பெயரும் நோயும்

முன்னுரை

ஒரு நோய் மருத்துவ நூல்களில் தனிப்பெயர் பெற்ற காலமும் அது மாந்தரை வருத்தத் தொடங்கிய காலமும் ஒன்றாதல் வேண்டுவதில்லை. கைவிரல், மணிக்கட்டு முதலிய மூட்டுகளை வீங்கச் செய்து நாளடைவில் கோணச் செய்யும் முடக்குவாதம் இதற்குத் தக்க சான்றாகும். அது தனிநோயென இனங்காணப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏழைப் பெண்டிரின் நோய்

ஐரோப்பிய மருத்துவம் நெடுங்காலம் மூட்டுநோய்கள் பலவற்றையும் 'கவுட்', 'ருமாட்டிசம்' என்னும் பெயர்களுள் அடக்கியது. கவுட், உண்டிப் பெருக்குடைய செல்வ ஆடவர்க்குரியதெனக் கருதப்பட்டது. பாரிசிலுள்ள சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய அகுஸ்தென் லாண்ட்ரே-போவே, தாம் கண்ட நோயாளர் இக்கருத்திற்கு முரணாயிருத்தலை உணர்ந்தார். அவர் விவரித்த ஒன்பதின்மரும் பெண்டிர். இந்நோய் வறியோரையும் நலிந்தோரையும் மிகுதியாகப் பற்றுவது, ஒரே காலத்தில் பல மூட்டுகளைத் தாக்குவது, நெடுநாள் நீடிப்பது. 1800இல் அவர் அளித்த ஆய்வேடே இந்நோயின் முதல் தெளிவான விவரிப்பாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. எனினும் அவர் இதனைக் கவுட்டின் ஒரு புதுவகையென்றே கருதி, 'நலிவுசார் முதன்மைக் கவுட்' எனப் பெயரிட்டார். விவரிப்பு பழம்பெயரைக் கடந்தது, பெயர் கடக்கவில்லை.

பெயர் மாற்றம்

இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் பேரிங் கேரட், கவுட் நோயாளரின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருத்தலை 1848இல் காட்டினார். இவ்வேதியியல் வேறுபாட்டின் துணைகொண்டு 1859இல் 'ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்னும் பெயரை முன்மொழிந்தார். அமெரிக்க ருமாட்டிச மருத்துவர் கழகம் 1941இல் அதனை ஏற்றது.

இந்திய நூல்கள்

சரக சங்கிதை கூறும் வாதரத்தம் கைகால்களில் தொடங்கி உடலெங்கும் பரவுவது. ஆயினும் அதற்கு 'ஆட்டியவாதம்', அஃதாவது செல்வர் வாதம், என்னும் பெயரும் அந்நூலிலேயே உண்டு. ஆதலின் அது கவுட்டிற்கே நெருங்கியதென்பர். மாதவ நிதானம் தனி இயலில் விளக்கும் ஆமவாதமோ மூட்டுவீக்கத்துடன் காய்ச்சல், சுவையின்மை, உடற்சோர்வு ஆகியவற்றையும் சேர்த்துரைக்கிறது. இது முடக்குவாதத்தோடு ஒப்புநோக்கத்தக்கது. ஆனால் கீல்களைத் தாக்கும் பிற காய்ச்சல்களுக்கும் பொருந்தக்கூடியது.

முடிவுரை

பழநூற் பெயரை இக்கால நோய்ப்பெயரோடு நேரடியாகச் சமப்படுத்துதல் பிழைக்கு இடந்தரும். எம்மூட்டு, எவர்க்கு, எத்துணைக் காலம் என்னும் குறிகளை ஒப்பிடுதலே முறையாகும். சித்த மருத்துவ நூல்களின் வாதநோய்ப் பெயர்களுக்கு அகராதிப் பொருள் காண்போர்க்கும் இந்நெறி பொருந்தும்.