காப்பி என்னும் சொல்



சேலத்திலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் சாலையிற் சென்றால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு இருக்கிறது. அங்கே நிழல் மரங்களின் கீழ்க் காப்பிச் செடிகள் அடர்ந்து நிற்கின்றன. அச்செடியின் பெயரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்த புதிதில், அம்மலைமேல் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தேன். தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன், ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படிக்கையில் 'காப்பி' என்றான். "தவறு, 'காஃபி' என்று சொல்" என அதட்டி, பத்து முறை சொல்ல வைத்தேன். பத்து முறையும் 'காப்பி' என்றே வந்தது. வகுப்பு சிரித்தது. அவ்வாண்டு முழுவதும் அவன் மறுபடி வாய் திறந்து படிக்கவில்லை. பல்லையும் உதட்டையும் எங்ஙனம் வைப்பது என்று நான் அவனுக்குச் சொல்லித் தரவே இல்லை. குற்றம் என்னுடையது.

அச்சொல்லின் வரலாற்றை அன்று அறிந்திருந்தால் அதட்டியிருக்க மாட்டேன். அரபு மொழியில் அது 'கஹ்வா'. துருக்கியர் நாவில் 'கஹ்வே' ஆயிற்று. டச்சுக்காரர் 'கோஃபி' என்றனர். ஆங்கில நூல்களில் அது இடம்பெற்றது 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். ஒவ்வொரு மொழியாரும் தத்தம் நாவிற்கு இசையவே அதை மாற்றிக்கொண்டனர். சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில். அப்போது சேலம் கலெக்டராயிருந்த ஒரு பிரித்தானிய அதிகாரி அதைக் கொணர்ந்தார்.

தமிழில் அச்சொல்லின் நடுவொலி இல்லை. ஆகவே நம் முன்னோர் பகரத்தை இட்டனர். அதை இரட்டித்ததற்கும் காரணம் உண்டு. 'கோபம்' என்று சொல்லிப் பாருங்கள். உயிர்களுக்கு நடுவே தனித்து நிற்கும் பகரம் மெலிந்துவிடுகிறது. வல்லோசை கெடாதிருக்கவே 'காப்பி' என்றனர். வடசொற்கள் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தை ஏற்கவேண்டும் என்று தொல்காப்பியம் வகுத்த நெறியும் இதுவே. எனவே தமிழில் 'காப்பி' பிழையன்று.

ஆங்கிலேயரும் இதையே செய்தனர். நம் 'ஏற்காடு' அவர்கள் எழுத்தில் யகரத்தில் தொடங்குகிறது. நாம் சொல்முதல் ஏகாரத்தை லேசான யகரச் சாயலோடு ஒலிப்பதை அவர்கள் செவி பிடித்துக்கொண்டது. ஆனால் ஈற்றிலுள்ள குற்றியலுகரத்தைக் கைவிட்டனர். 'சேர்வராயன்' அவர்களிடம் 'ஷெவராய்' ஆயிற்று. அதற்காக அவர்களை யாரும் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தவில்லை.

ஆயினும், ஆங்கிலம் பேசும்போது ஆங்கில ஒலியைத்தான் பேணவேண்டும். வழி எளிது. மேற்பற்களைக் கீழுதட்டின்மீது மெல்ல வைத்து மூச்சை ஊதுங்கள். உதடுகள் இரண்டும் ஒட்டினால் பகரம் வந்துவிடும். எழுத்து இரண்டாயினும் ஒலி ஒன்றே. 'ப்ப' போல அழுத்தி நிறுத்த வேண்டா. பிரித்தானிய வழக்கில் முதல் உயிர் நம் ஆகாரமன்று. உதட்டைச் சற்றுக் குவித்துக் குறுக்கி ஒலிப்பது. அழுத்தம் முதல் அசைக்கே.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். காப்பியைக் கொணர்ந்த அந்தக் கலெக்டரின் பெயரை, எழுத்தைப் பார்த்து, 'காக்பர்ன்' என்றே நான் ஆண்டுதோறும் கற்பித்து வந்தேன். டேனியல் ஜோன்ஸ் 1917-இல் முதன்முதல் வெளியிட்ட ஒலிப்பு அகராதியின் பதிப்பொன்றைப் பின்னாளில் புரட்டியபோதுதான், நடுவிலுள்ள ககர ஒலி ஊமை என்றும், 'கோபர்ன்' என்பதே அப்பெயரின் ஒலி என்றும் அறிந்தேன். அச்சிறுவன் ஒரு சொல்லில் தவறினான். அதே வகுப்பில், அவனை அதட்டிய நானும் தவறிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து மட்டும் எவரும் சிரிக்கவில்லை.

ஆகவே, உங்கள் வகுப்பில் எவரேனும் ஓர் ஒலியில் இடறினால் சிரிக்காதீர்கள். பல்லை எங்கே வைப்பது என்று சொல்லிக் கொடுங்கள்.