வெண்ணாடை களையும் ஞாயிறு



உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறை இறை இரக்க ஞாயிறு என்கிறோம். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2000-ஆம் ஆண்டில் ஏற்படுத்தியது அது. இலத்தீன் திருச்சபையில் அந்த நாளுக்கு மிகப் பழைய பெயர் ஒன்றும் உண்டு: வெண்ணாடை களையும் ஞாயிறு. பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெற்றவர்கள் அன்று உடுத்திய வெண்ணாடையோடு அந்த வாரம் முழுதும் கோயிலுக்கு வந்தார்கள். வார முடிவில் அதைக் களைந்தார்கள். திருமுழுக்கு ஓர் இரவில் முடிந்துவிடும். புதியவர்களைக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ள ஒரு வாரமாவது வேண்டும் என்று அன்றைய திருச்சபை அறிந்திருந்தது.

அந்த வாரம் எருசலேமில் எப்படி நடந்தது என்பதை நமக்குச் சொல்பவர் ஒரு பெண். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கு நாட்டிலிருந்து புனித பூமிக்குத் திருப்பயணம் போன எகேரியா, கண்டதையெல்லாம் ஊரிலிருந்த தம் சகோதரிகளுக்கு எழுதி வைத்தார். நெடுங்காலம் மறைந்துகிடந்த அந்த ஏடு 1884-இல் இத்தாலியின் அரெத்சோ நகரில் கிடைத்தது. முழுமையாக இல்லை, கிடைத்த பகுதியே நமக்குப் பெருஞ்செல்வம்.

ஆண்டவரின் கல்லறைமேல் எழுந்த உயிர்ப்புக் கோயிலில், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் எட்டு நாளும் கூடுகிறார்கள். கதவுகள் அடைக்கப்படுகின்றன. அவர்கள் பெற்ற அருளடையாளங்களின் பொருளை ஆயர் ஒவ்வொன்றாக விளக்குகிறார். கேட்பவர்களின் ஆரவாரம் வெளியே வரை கேட்கிறது என்கிறார் எகேரியா. (நம் மறையுரைகளுக்கு அப்படி ஓர் ஆபத்து இல்லை!)

அதன்பின் அவர் எழுதுவதுதான் நம்மை நிறுத்துகிறது. ஆயர் பேசுவது கிரேக்க மொழியில். சிரியாக் மொழி மட்டும் அறிந்தவர்களுக்காக ஒரு குரு அருகில் நின்று மொழிபெயர்க்கிறார். இரண்டும் தெரியாத, இலத்தீன் மட்டும் அறிந்த அயலூரார் சிலரும் அங்கு உண்டு. அவர்கள் மனம் வருந்தாதிருக்க, இரு மொழியும் தெரிந்த சகோதர சகோதரிகள் இலத்தீனில் விளக்குகிறார்கள். ஒருவரும் புரியாமல் நின்று வருந்தக்கூடாது என்பது அங்கு வழிபாட்டின் ஒழுங்காகவே இருந்தது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வந்து நம் கோயில்களின் பின்வரிசையில் நிற்கும் கத்தோலிக்கருக்கு, வாசகத்தை இந்தியில் காதோடு சொல்ல ஓர் ஆள் போதும். அவர் குருவாக இருக்கவேண்டும் என்பதில்லை. எருசலேமிலும் அதைப் பொதுநிலையினரே செய்திருக்கலாம்.

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த புனித அகுஸ்தினார், 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் மிலானில் புனித அம்புரோசிடம் திருமுழுக்குப் பெற்றவர். புதியவராக நிற்பது என்னவென்று அவருக்குத் தெரியும். எட்டாம் நாள், தனி இடத்தில் இருந்தவர்கள் சபையோரோடு கலக்கும் வேளையில், கூட்டத்தில் நல்லவரும் தீயவரும் இருப்பார்கள் என்று அவர்களிடம் ஒளிக்காமல் சொன்னார். நல்லவரைப் பின்பற்றச் சொன்னார். பழைய கிறிஸ்தவர்களையும் அவர் விடவில்லை: இவர்கள் இனி உங்களைப் பார்த்துத்தான் நடப்பார்கள், கெட்ட வாழ்வு காட்டி வழிதவறச் செய்யாதீர்கள் என்று எச்சரித்தார். கடிந்துரை யாருக்கு அதிகம் என்பதை நீங்களே பாருங்கள்.

காலப்போக்கில் குழந்தைத் திருமுழுக்கே வழக்கமாக, இந்த முறை மங்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் அதை மீட்க வழிசெய்தது. 1972-இல் பெரியவர்களுக்கான புதிய சடங்குமுறை வெளிவந்தது. பாஸ்கா கால ஞாயிறு திருப்பலிகளில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கும் அவர்களுடைய ஞானப்பெற்றோருக்கும் சபை நடுவே தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.