எண்ணெயும் கட்டும்: குற்றாலச் சாரலில் எலும்பு வைத்தியம்

குற்றாலநாதர் திருமேனியில் அகத்தியரின் விரல் தடம் பதிந்திருப்பதாகத் தலபுராணம் கூறும். திருமாலாக நின்ற மூர்த்தியின் தலையில் குறுமுனி கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினாராம். அழுத்திய வேகத்தில் இறைவனுக்கே தலைவலி கண்டுவிட்டது. அதைத் தணிக்கவே மூலிகைகள் இட்டுக் காய்ச்சிய தைலம் இன்றளவும் அவருக்குச் சாத்தப்படுகிறது என்பர். அத்தைலத்தைத் தம் நோவுக்கு மருந்தாக வாங்கிப் போகும் அடியாரும் உண்டு. சைவ வைணவப் பூசலின் சுவட்டை இக்கதையில் காண்பது ஆய்வாளர் வழக்கம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கை தவறி அழுத்தினால் நோவு, அந்த நோவுக்கு எண்ணெய் என்று ஒரு வைத்தியனின் கண்ணோடும் இக்கதையைப் படிக்க இடமிருக்கிறது.

ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலத்துக்கு வருவோர் எண்ணெய் தேய்த்துவிடுவோரைக் காணாமல் திரும்புவதில்லை. பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. அது நேரே தலையில் விழுமானால் கழுத்தெலும்பு தாங்காது. இடையிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் ஆழ்பள்ளம் வேகத்தை வாங்கிக்கொண்டு, பிடரியும் முதுகும் பொறுக்கும் அளவுக்கு நீரைத் தணித்து அனுப்புகிறது. எண்ணெய்த் தேய்ப்பும் அருவியின் தட்டலும் சேர்ந்து தரும் சுகத்தை அனுபவித்தவர் அறிவர். அந்தச் சுகம் நோயைத் தீர்க்குமா என்பது வேறு கேள்வி.

சித்த மருத்துவம் உடல் பிடித்தலைத் தொக்கணம் என்று அழைக்கிறது. புறமருந்துகள் முப்பத்திரண்டில் அதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். ஒன்பதும் தொழிற்பெயர்கள் என்பதைத் தமிழ் பயின்றவர் கவனிக்க வேண்டும். பொருளின் பெயர் ஒன்றுகூட இல்லை. வைத்தியம் கையின் வினையில்தான் இருக்கிறது. இன்று கடைதோறும் புட்டியின் பெயர் பெரிதாக இருக்கிறது, கையின் பயிற்சி பற்றிய பேச்சே இல்லை.

தொக்கணத்துக்கு அடுத்த படி வர்மம். தென்திருவிதாங்கூர் ஆசான்களிடம் தழைத்த இக்கலை, மலையின் இப்புறமும் பரவியிருந்ததில் வியப்பில்லை. தென்காசிக்கு அண்டை ஊரான செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்ததுதானே. ஆரியங்காவுக் கணவாய் வழியே மிளகு வந்ததுபோல் வைத்தியமும் வந்தது. சுசுருதர் மர்மத் தலங்கள் 107 என்றார்; தமிழ் மரபு படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 ஆக எண்ணும். அடிபட்ட இடத்தை அறியவும், அடித்தவன் கையாலேயே இளக்கி எடுக்கவும் இந்நூல்கள் வழி சொல்கின்றன.

இவற்றுள் பல அகத்தியர் பெயரில் வழங்குகின்றன. அவற்றில் ஒன்று ‘வர்ம பீரங்கி’. பீரங்கி என்ற சொல் பறங்கியரோடு வந்த ஆயுதத்தையும் அச்சொல்லின் உறவையும் சுமந்து நிற்பது. ஆகவே அத்தலைப்பு பதினாறாம் நூற்றாண்டுக்கு முன் தோன்றியிருக்க இயலாது. இதனால் நூலின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. பீரங்கிக் காலத்துப் போர்க்களங்களும் சிலம்பக் களரிகளும் தந்த முறிவுகளைக் கண்ட ஒருவர், தம் பட்டறிவை முனிவர் பெயரில் ஏற்றிச் சொன்னார் என்று கொள்வதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. ‘ஐயாயிரம் ஆண்டு’ என்று முழங்குவோர் அந்த மனிதரை மறைத்துவிடுகின்றனர்.

முறிவைக் கட்டுவதோ வேறு கலை. எலும்பை இழுத்து நேராக்கி, உளுந்து மாவும் முட்டை வெண்கருவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் சுற்றுவது நம் ஊர்களின் வழக்கம். காய்ந்த மாவு கல்லாகும். தமிழ்நாட்டுச் சாலைகளில் எங்கும் காணும் ‘புத்தூர்க் கட்டு’ப் பலகைகள் ஆந்திரத்தின் புத்தூரை மூலமாகக் காட்டும். அங்கே கேசவ ராஜு என்பவர் 1881இல் இதைத் தொடங்கியதாகச் சொல்வர்.

அதே 1881இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபோல்க்மான் ஒரு கட்டுரை எழுதினார். இறுகக் கட்டிய கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்தால் தசை செத்துச் சுருங்கும், விரல்கள் பறவைக் கால்போல் மடங்கி நின்றுவிடும் என்பது அதன் செய்தி. அவர் குற்றம் சாட்டியது நாட்டு வைத்தியரை அன்று; தம் போன்றோர் போட்ட கட்டுகளைத்தான்.

இச்செய்தியை நாம் நூலில் படித்தது பின்னால். முதலில் கண்டது வகுப்பறையில். தேர்வுத்தாளை இடக்கையால் எழுதிய மாணவன் ஒருவனைக் காரணம் கேட்டோம். எட்டு வயதில் மரத்திலிருந்து விழுந்தான்; கட்டு போட்டார்கள்; விரல் நீலமாகி வலிக்கிறது என்று இரவெல்லாம் அழுதான். ‘மருந்து வேலை செய்கிறது’ என்று தேற்றினார்களாம். கட்டிய பின் விரல் நீலித்தாலோ மரத்தாலோ, விரலை நீட்டுகையில் வலி பொறுக்க முடியாமல் போனாலோ, அந்த நேரமே கட்டை அவிழ்க்க வேண்டும். சில மணிநேரத் தாமதம் ஆயுளுக்கும் நிற்கும். மாவுக் கட்டுக்கும் மருத்துவமனையின் கட்டுக்கும் இவ்விதி ஒன்றே.

இதைக் கொண்டு மரபு முழுவதையும் தள்ளிவிடலாமா? இங்கிலாந்தின் கதை இதற்குத் துணைவரும். 1867இல் ஜேம்ஸ் பாஜெட் என்னும் புகழ்பெற்ற மருத்துவர், எலும்பு கட்டுவோர் குணமாக்கும் நோய்கள் பற்றி உரையாற்றினார். அவர்களை இகழ்வதோடு நில்லாமல், அவர்களிடமுள்ள நல்லதைக் கற்றுக்கொள்ளுமாறு தம் மாணவருக்குச் சொன்னார். வேல்ஸ் நாட்டு எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்து முறையாக மருத்துவம் படித்த ஹ்யூ ஓவன் தாமஸ், லிவர்பூலில் ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் செய்தபடி உருவாக்கியதே ‘தாமஸ் சட்டம்’. அவர் மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் அதை முதல் உலகப் போர்க்களத்துக்குக் கொண்டுசென்றார். தொடையெலும்பு முறிந்த வீரர்களின் சாவு பெருமளவு குறைந்தது. குடும்பக் கலை அங்கே கல்விக்கூடத்தின் வாசலைத் தாண்டியது.

நம்மிடம் வாசல் திறந்தது தாமதமாக. 1921இல் சென்னை அரசு அமைத்த உஸ்மான் குழு சுதேச வைத்தியர்களிடம் வினாக்கள் அனுப்பி, அவரவர் மொழியிலேயே விடை பெற்றது. அறிக்கை 1923இல் வந்தது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி தோன்றியது 1964இல்.

அதே ஆண்டில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் உடுப்பாவும் பிரசாத்தும், கதிரியக்கச் சுண்ணாம்பைத் தடங்காட்டியாகக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். விலங்குகளில் முறிந்த எலும்பு கூடும் வேகத்தைப் பிரண்டை கூட்டுகிறது என்றது அது. வடக்கே ‘ஹட்ஜோட்’, அதாவது எலும்பொட்டி, என்றே அதன் பெயர். துவையலாக நாம் அரைத்துத் தின்றதைக் காசியில் அளந்து பார்த்தார்கள். விலங்கில் கண்டது மனிதரில் அப்படியே நிகழும் என்று அதனால் ஆகிவிடாது. ஆயினும் அளந்தார்கள் என்பதே பெரிது.

அளந்தபோது ஆங்கில மருத்துவத்தின் நம்பிக்கைகளும் சரிந்தன. மூட்டுத் தேய்மானத்துக்குக் குழாய் விட்டுச் சுத்தம் செய்யும் அறுவையை, 2002இல் ஹூஸ்டன் மருத்துவர்கள் 180 பேரிடம் சோதித்தனர். தோலை மட்டும் கீறித் தைத்த பொய் அறுவையைவிட அது மேலானதாக இல்லை. முதுகுவலிக்குப் படுக்கையே மருந்து என்ற பழைய விதியை 1995இல் ஹெல்சிங்கி ஆய்வு உடைத்தது. 186 பேரில், இயன்றவரை அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே படுத்திருந்தவர்களைவிட விரைவில் தேறினர்.

இந்தச் செய்தியை நம் ஊரில் யாருக்குச் சொல்வது? 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசியின் சிற்றூர்களில் திண்ணைதோறும் பெண்கள் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். கழுத்து குனிந்தபடி, கால் மடங்கியபடி, காலை முதல் இரவு வரை. குற்றாலத்து எண்ணெய் வெளியூர்க்காரர் முதுகுக்கு. அருவிக்கு அரைமணிப் பயணத்தில் இருக்கும் இவர்களுக்குத் தொக்கணம் செய்வார் யாருமில்லை. நம் தெருவில் இருபது ஆண்டாகச் சுற்றும் அக்காவிடம் மேற்படி ஆய்வை எளிமையாக எடுத்துரைத்தோம். ஒரே இருப்பாக இராமல் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொன்னோம். அவர் நூலைப் பல்லால் கடித்தபடியே கேட்டார்: “அரைமணிக்கு ஒருக்கா எந்திச்சா, ஆயிரம் பீடிய யாரு சுத்துவா சார்?”