கொதிநீர் இழைகள்: சூழல் நுண்ணுயிரியலில் வளர்ப்பும் வரிசையும்

சூழலில் கூட்டமாக வாழும் நுண்ணுயிர்களை ஆராயும் முறைகளின் வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் நேர்கோடாகவே சொல்கின்றன. முதலில் நுண்ணோக்கி வந்தது. பின் வளர்ப்புத் தட்டு வந்தது. தட்டின் போதாமை தெரிந்ததும் டி.என்.ஏ வரிசை அதை ஓரங்கட்டியது. இந்தக் கதையை இக்கட்டுரை ஏற்கவில்லை. ஆய்வகத்தில் வளர்ப்பதும் வளர்க்காமலே வரிசையைப் படிப்பதும் ஒன்றையொன்று முடுக்கிவிட்டே வந்திருக்கின்றன. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஆக்டோபஸ் ஊற்று என்ற வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. அதில் அசையும் இளஞ்சிவப்பு இழைகள் ஆய்வாளர் கைகளில் பட்ட பாடே இதற்குச் சான்று.

தட்டு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1881இல் ராபர்ட் கோக் திட ஊடகத்தில் கிருமிகளைப் பிரித்து வளர்க்கும் முறையை வெளியிட்டபோது அவர் கையில் இருந்தது ஜெலட்டின். உடல் வெப்பநிலையில் அது உருகிவிடும். அதற்கு மாற்றாக அகாரைப் பரிந்துரைத்தவர், கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே. நம்மூர் நோன்புக் காலத்தில் கடல்பாசி என்று காய்ச்சி ஆறவைக்கும் அதே பொருள்தான். 1887இல் ரிச்சர்ட் பெட்ரி மூடியுள்ள தட்டை அறிமுகப்படுத்தினார். ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்று தேடிய மருத்துவத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அமைந்திருக்க முடியாது. மண்ணின் கணக்கோ வேறு. அம்மோனியாவை உண்டு வாழும் மண் பாக்டீரியாக்களைத் தேடிய செர்கெய் வினோகிராட்ஸ்கிக்குச் சத்துமிக்க ஜெலட்டின் உதவவில்லை. கரிமப் பொருளே இல்லாத ஊடகத்தை அமைத்து, 1890 வாக்கில் அவற்றைப் பிடித்தார். டெல்ஃப்டில் மார்ட்டினஸ் பெய்யரிங்க் இதே எண்ணத்தைச் செறிவூட்டல் வளர்ப்பு என்ற முறையாக வளர்த்தெடுத்தார். எந்த உயிர் வேண்டுமோ அதற்கு மட்டும் ஏற்ற சூழலை அமைத்தால் அது தானே மேலெழும் என்பது அதன் அடிப்படை. சூழல் நுண்ணுயிரியலின் உண்மையான தொடக்கம் கோக்கிடம் இல்லை, இவ்விருவரிடம்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

தட்டின் மீதான ஐயம் எண்ணிக்கையிலிருந்து பிறந்தது. ஒரே நீரை நுண்ணோக்கியில் எண்ணினால் ஒரு கணக்கு, தட்டில் முளைத்த திட்டுகளை எண்ணினால் வேறு கணக்கு. ரஷ்யாவில் ரசூமோவ் 1932இலேயே இந்த இடைவெளியைச் சுட்டியிருந்தார். ஒளிரும் சாயமிட்டு வடிதாளில் எண்ணும் முறை 1970களில் தேறியபின் இடைவெளி மறுக்க முடியாததாயிற்று. 1985இல் ஸ்டேலியும் கொனோப்காவும் இதைத் தட்டெண்ணிக்கையின் பெருமுரண் என்று அழைத்தனர். அதன்பின் "ஒரு சதவீதமே வளரும்" என்ற வாய்பாடு எங்கும் பரவியது. எந்த நீரில், எந்த ஊடகத்தில், எத்தனை நாள் காத்திருந்து பெற்ற எண் என்று கேட்காமலே அது திரும்பத் திரும்ப எழுதப்பட்டது.

இனி ஊற்றுக்கு வருவோம். 1960களின் நடுவில் தாமஸ் பிராக் யெல்லோஸ்டோன் ஊற்றுகளை ஆராயத் தொடங்கினார். ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் ஏறத்தாழ 73 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடுவதைக் கண்டார். ஆனால் ஆக்டோபஸ் ஊற்றின் வடிகாலில், 80 டிகிரிக்கும் மேலான நீரில், இளஞ்சிவப்பு இழைகள் கொத்துக் கொத்தாக அசைந்துகொண்டிருந்தன. அவை உயிர்களே என்று உறுதிசெய்தார். வளர்க்க மட்டும் முடியவில்லை. கண்ணாடிச் சில்லுகளைக் கொதிக்கும் குளங்களில் அமிழ்த்தி வைத்து, அவற்றில் பாக்டீரியாக்கள் பெருகும் வேகத்தை அங்கேயே அளந்தார். இடத்திலேயே வைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் பின்னால் வந்த மூலக்கூறு அலையில் ஓரளவு மறக்கப்பட்டது என்பது வருத்தமே. அருகிலிருந்த மஷ்ரூம் ஊற்றிலிருந்து பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் பிரித்து வளர்த்து, 1969இல் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்ட பாக்டீரியா தனிக் கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதற்கிடையில், 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்.என்.ஏவை ஒப்பிட்டு, பாக்டீரியாவிலிருந்து வேறான ஒரு பெரும்பிரிவை, இன்று ஆர்க்கியா எனப்படுவதை, அடையாளம் காட்டினர். எல்லா உயிரிலும் இருக்கும் ஒரு மூலக்கூறு வம்சாவளியைச் சொல்லும் என்றால், அந்த உயிரை வளர்த்தாக வேண்டுமா? இந்தக் கேள்வியைச் செயலாக்கியவர் நார்மன் பேஸ். பிராக் எழுதியிருந்த இழைகள் ஏராளமாகக் கிடைப்பவை என்பதால், நேரே அள்ளி ஆர்.என்.ஏ எடுக்கலாம் என்று அவருக்குப் பட்டது. 1985இல் ஸ்டால், லேன், ஓல்சன், பேஸ் ஆகியோர் ஆக்டோபஸ் ஊற்றின் 91 டிகிரி நீரில் வாழும் உயிர்களின் ரைபோசோமிலுள்ள 5எஸ் ஆர்.என்.ஏவை வளர்ப்பின்றியே படித்து, மூன்று முதன்மை உயிர்களைக் கண்டனர். சுமார் 120 எழுத்துகளே கொண்ட 5எஸ் சொல்வது கொஞ்சம்தான். விரைவிலேயே 1,500 எழுத்துகள் கொண்ட 16எஸ் அதன் இடத்தைப் பிடித்தது.

1990 நேச்சர் இதழ் ஒன்றில் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு கட்டுரைகள் வந்தன. சர்காசோ கடல் நீரில் ஜியோவனோனி குழு கண்ட எஸ்.ஏ.ஆர்.11 வரிசை ஒன்று. மற்றது, அதே ஆக்டோபஸ் ஊற்றின் பாய் போன்ற படலத்தில் வார்ட் குழு கண்ட வரிசைகள்; அங்கிருந்து வளர்க்கப்பட்டிருந்த எந்த உயிரோடும் அவை பொருந்தவில்லை. இத்தகைய தேடலைப் பல ஆய்வகங்களுக்கு எளிதாக்கியது டி.என்.ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர் முறை. அதன் வெப்பம் தாங்கும் நொதி தெர்மஸ் அக்வாட்டிகஸிலிருந்து வந்தது. வளர்ப்பைத் தேவையற்றதாக்கியதாகச் சொல்லப்படும் நுட்பம் ஒரு தூய வளர்ப்பின் பிள்ளை. வரலாற்றைச் சுருக்குவோர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இழைகளின் அடையாளம் 1994இல் தெரிந்தது. ரெய்சன்பாக், விக்கம், பேஸ் ஆகியோர் அவற்றில் மிகுந்திருந்த வரிசை அக்விஃபெக்ஸ் என்ற பாக்டீரியாவின் உறவு என்றனர். அக்விஃபெக்ஸ் ஹைட்ரஜனைக் கொண்டு வாழ்வது. எனவே அதற்கேற்ற ஊடகம் அமைக்க ஒரு தடம் கிடைத்தது. 1998இல் ராபர்ட் ஹூபர் குழு அந்த உயிரை வளர்த்துத் தெர்மோகிரினிஸ் ரூபர் என்று பெயரிட்டது. அசையாத ஊடகத்தில் அது தனித்தனிக் கோல்களாகவே வளர்ந்தது. ஊடகத்தை ஓடவிட்டபோதுதான் இளஞ்சிவப்பு இழை உருவானது. வரிசை உயிரைக் கண்டுபிடிக்க வழிகாட்டியது. இழை ஓட்டத்தின் விளைவு என்பதைச் சொன்னது வளர்ப்பு.

அதன்பின் தரவு வெள்ளம். ஒரு சூழலில் வாழும் உயிர்களின் மரபணுத்தொகுதிகள் அனைத்துக்கும் சேர்த்து 1998இல் ஹேண்டல்ஸ்மேன் குழு மெட்டாஜீனோம் என்ற பெயரை வைத்தது. 2004இல் வென்டர் குழு சர்காசோ கடலில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய மரபணுக்களை அறிவித்தது. எண்ணிக்கையின் பிரமிப்பில் முறையின் குருட்டுப் புள்ளிகள் மறைந்தன. 16எஸ் மரபணு சில உயிர்களில் ஒரு படி, சிலவற்றில் பத்துக்கும் மேல். வரிசைகளின் விகிதத்தை உயிர்களின் விகிதமாக எடுப்பது தவறு. ஐஸ்லாந்துக்கு வடக்கே கடலடியிலிருந்து எடுத்து வளர்த்த ஆர்க்கியா மீது ஒட்டியிருந்த நானோஆர்க்கியம் 2002இல் அறிவிக்கப்பட்டது. பி.சி.ஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ துண்டுகளான பிரைமர்களில், எல்லா உயிருக்கும் பொதுவென நம்பியவை அதில் பொருந்தவில்லை. நுண்ணோக்கியின் கீழ் வளர்ப்பைப் பார்த்தவர்களுக்கே அது தென்பட்டது. செத்த செல்களின் டி.என்.ஏ மண்ணில் தங்குவதும், பிரித்தெடுக்கும் வேதிப்பொருள்களிலேயே அயல் டி.என்.ஏ கலந்திருப்பதும் அண்மைக்காலத்தில்தான் கவனம் பெற்றன.

வினோகிராட்ஸ்கியின் பழைய கேள்வியே இம்முறைகளுக்கு நல்ல உரைகல். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்ற ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க மற்றொன்று என்ற அவருடைய பிரிப்பு நூறாண்டுக்கு மேல் நின்றது. கடல் மெட்டாஜீனோமில் ஆர்க்கியாவுக்குரியதாகத் தெரிந்த அம்மோனியா மரபணு, ஆர்க்கியாவும் அம்மோனியாவை மாற்றக்கூடும் என்பதற்கு ஒரு குறிப்புதான். சியாட்டில் கடல்வாழ் உயிரினக் காட்சியகத் தொட்டியிலிருந்து நைட்ரோசோபுமிலஸ் என்ற ஆர்க்கியா 2005இல் வளர்க்கப்பட்டதும் அது உறுதியாயிற்று. இரண்டு படிகளையும் ஒரே பாக்டீரியா செய்யும் என்று 2015இல் வியன்னா, நெய்மேகன் குழுக்கள் காட்டின. செறிவூட்டல் வளர்ப்பையும் மெட்டாஜீனோமையும் இணைத்தே அவர்களால் அதைச் சொல்ல முடிந்தது.

அதே 2015இல் ஆழ்கடல் வண்டலின் வரிசைகளிலிருந்து லோகி ஆர்க்கியாவின் மரபணுத்தொகுதி கோக்கப்பட்டது. சிக்கலான செல்களின் மூதாதைக்கு நெருங்கிய உறவு அது என்றார்கள். செல்லை யாரும் பார்த்திருக்கவில்லை. அந்த வகையைச் சேர்ந்த ஒன்றை ஜப்பானில் இமாச்சி குழு 2020இல் வளர்ப்பில் காட்டியது. 2006இல் எடுத்த வண்டலிலிருந்து தொடங்கிய அந்த முயற்சி 12 ஆண்டுகள் நீண்டது. ஒருமுறை இரட்டிக்க அந்த உயிர் இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதால், கலங்கலைப் பார்த்து வளர்ச்சியை அறிய வழியில்லை. எந்தக் குப்பியில் அது இருக்கிறது என்பதை அவர்கள் பி.சி.ஆர் கொண்டே தடம்பிடித்தனர். நுண்ணோக்கியில் தெரிந்தது மிகச் சிறிய உருண்டைச் செல். அதிலிருந்து கிளைத்து நீளும் புறநீட்சிகள். அந்த நீட்சிகளைக் கண்ணில் காட்டியது மரபணுத்தொகுதி அல்ல, வளர்ப்பு.