ஆறாவது மன்றாட்டு

பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஷிப்ட் முடித்தவர்களில் சிலர் கம்பெனிச் சட்டையோடே கோயிலுக்கு வந்துவிடுவார்கள். பாடுகளின் வாசகம் முடிந்ததும் பத்து மன்றாட்டுகள். ஆறாவது, யூத மக்களுக்கானது. கடவுள் முதலில் பேசியது அவர்களோடுதான், அவருடைய உடன்படிக்கையில் அவர்கள் நிலைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அரை நிமிடத்தில் ஆமென் சொல்லிவிட்டு ஏழாவதுக்குப் போய்விடுவோம்.

இந்த அரை நிமிடம் இப்படி ஆவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிடித்தது.

பழைய லத்தீன் வழிபாட்டில் இது ஒன்பதில் எட்டாவது. அதில் யூதருக்கு இருந்த அடைமொழி ‘பெர்ஃபிதிஸ்’. நம்பாதவர் என்று பொருள் கொண்டிருந்திருக்கலாம். ஐரோப்பியக் காதில் துரோகி என்றே விழுந்தது. மற்ற மன்றாட்டுகளுக்கு எல்லோரும் முழந்தாளிடுவார்கள். ஏறக்குறைய 9ஆம் நூற்றாண்டிலிருந்து இதற்கு மட்டும் இல்லை. யூதர் இயேசுவின் முன் மண்டியிட்டுப் பரிகசித்தார்களாம், அதுதான் காரணம். மத்தேயு 27ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள்: அப்படிச் செய்தவர்கள் பிலாத்துவின் படைவீரர்கள். ரோமர் செய்த வினைக்கு யூதர் தலையில் பழி.

இந்த மன்றாட்டு போர்ச்சுகீசியக் கப்பல்களில் நம் கரைக்கும் வந்தது. இதே திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் உள்ள மகிமை மாதா கோயிலின் தொடக்கம் 1515 என்பார்கள். கோவாவில் 1560இல் விசாரணை மன்றம் அமைந்தது. மதம் மாறிய யூதக் குடும்பங்களைத் தேடிப் பிடித்தது. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து, இந்திய மூலிகைகளைப் பற்றி 1563இல் நூல் எழுதிய மருத்துவர் கார்சியா த ஒர்த்தா இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1580இல், அவர் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள்.

மன்றாட்டிலிருந்து ‘பெர்ஃபிதிஸ்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்று ‘இஸ்ரயேலின் நண்பர்கள்’ என்ற குருக்கள் சங்கம் 1928இல் ரோமிடம் கேட்டது. சொல் நின்றது; சங்கம் கலைக்கப்பட்டது. பிறகு ஐரோப்பாவில் நாஜிகளால் 60 லட்சம் யூதர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஏராளம். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

ஜூல் இசாக் பிரெஞ்சு வரலாற்றாசிரியர், யூதர். 1943இல் அவர் வெளியே போயிருந்த வேளையில் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மனைவியும் மகளும் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மாண்டார்கள். அவர் ஒளிந்து வாழ்ந்தபடியே நற்செய்திகளை வரிவரியாக வாசித்து, திருச்சபை யூதரைப் பற்றிக் கற்பித்தவற்றோடு ஒப்பிட்டார். அந்த நூல் 1948இல் வந்தது. வேதத்தில் இல்லாத இகழ்ச்சியை நாம் போதனையாக்கியிருக்கிறோம் என்பதை நமக்குக் காட்டியவர் வீட்டையே பறிகொடுத்த அந்த மனிதர்.

1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் முழந்தாளிடுதலைத் திருப்பித் தந்தார். 1959 பெரிய வெள்ளியன்று அடுத்த திருத்தந்தை 23ஆம் யோவான் அந்தச் சொல்லை நீக்கினார். 1963இல் குருவானவர் ஒருவர் பழக்கத்தில் அதைச் சொல்லிவிட, திருத்தந்தை நிறுத்தி மறுபடி சொல்லச் செய்தார். இசாக் 82 வயதில், 1960 ஜூன் 13 அன்று, அந்தத் திருத்தந்தையை நேரில் பார்த்து இந்த இகழ்ச்சிப் போதனையைப் பற்றி முறையிட்டிருந்தார். இருவரும் 1963இலேயே காலமானார்கள். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயத்தவருடனான உறவு பற்றிய ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ அறிக்கையை 2221க்கு 88 என்ற வாக்கில் ஏற்றது: இயேசுவின் சாவுக்கு அன்றிருந்த யூதர் அனைவரையுமோ இன்றைய யூதரையோ பொறுப்பாக்கக் கூடாது. கடவுள் தந்த அழைப்பைத் திரும்பப் பெறுவதில்லை என்று பவுல் ரோமருக்கு எழுதியதும் அப்போதுதான் மறுபடி காதில் ஏறியது. 1970 திருப்பலிப் புத்தகத்தில் மன்றாட்டு இன்றைய உருவம் பெற்றது.

பயணம் முடிந்துவிடவில்லை. சிறுவயதில் நான் பார்த்த பாஸ்கு நாடகத்தில் தகர ஈட்டியோடு இயேசுவை அடித்த சேவகர்களுக்கு ஊரார் வைத்த பெயர் ‘யூதர்’. அதே பழைய பிழை. நாங்கள் அவர்கள்மேல் கல்கூட எறிந்தோம்.

கும்மிடிப்பூண்டி முகாமில் ஈழத் தமிழர் வாழ்கிறார்கள், கத்தோலிக்கரும் உண்டு. 1983 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டதற்குக் அதில் சம்பந்தமே இல்லாத தமிழர்கள், கொழும்பில் கடை வைத்திருந்தவரும் ரயிலில் போனவரும், விலை கொடுத்தார்கள். ஆறாவது மன்றாட்டுக்கு அவர்கள் முழந்தாளிடும்போது, அது எதற்கு என்று பீடத்திலிருந்து யாராவது இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மற்றவர்களைவிட அவர்களுக்கு அது சட்டென்று புரியும்.