திருமுருகும் மலைகடாமும்: பர்வதமலை ஏறுவோர் வழி சொல்லும் முறை பற்றிய ஓர் ஆய்வு

1. களமும் கேள்வியும்

செம்பரம்பாக்கத்தில் ஏறுவதற்கென்று இருப்பது ஏரிக்கரை ஒன்றுதான். 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரி, 24 அடி முழு ஆழம். கரைமேல் நின்றால் தண்ணீரும் வானமும் தவிர வேறில்லை. மலைக்கோயில் வேண்டுமென்றால் ஏரிக்குக் கிழக்கே குன்றத்தூர் முருகன் இருக்கிறார், 84 படிகள். மூச்சு வாங்குவதற்குள் சன்னிதி வந்துவிடும்.

இப்படித் தட்டையான ஊரில்தான் பௌர்ணமி வார இறுதியில் விழுந்துவிட்டால் வேன் பிடிக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கும் இளைஞர்கள். காஞ்சிபுரம், ஆரணி, போளூர் என்று போய் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் ஏறித் திரும்புவார்கள். அவர்களோடு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். ஒருமுறை பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்தி எங்கிருந்து வருகிறது என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி அல்ல. வழி எங்கிருந்து வருகிறது? ஏறத் தெரியாதவனுக்கு ஏறியவன் என்ன சொல்கிறான், எந்த வரிசையில் சொல்கிறான், எதைச் சொல்லாமல் விடுகிறான் என்பதே இங்கே ஆயப்படுவது.

2. பத்துப்பாட்டின் இரண்டு முனைகள்

வழி சொல்வதைத் தமிழ் ஓர் இலக்கிய வகையாகவே வைத்திருந்தது. பரிசு பெற்றுத் திரும்புபவன், வறுமையோடு எதிரே வருபவனை நிறுத்தி, இன்னாரிடம் போ, இப்படிப் போ என்று சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். முதல் பாட்டு நக்கீரரின் திருமுருகாற்றுப்படை; கடைசிப் பாட்டு பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர் உண்டு, 583 அடிகள். உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது இரண்டும் ஒரே நூலின் இரு அட்டைகளை ஒட்டி வந்து உட்கார்ந்தன.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரியும். திருமுருகு ஒருவனைக் கடவுளிடம் அனுப்புகிறது. முருகன் உறையும் இடங்கள், அவன் தோற்றம், அவனை வழிபடும் முறை, அவன் அருளும் விதம் எல்லாம் இருக்கின்றன. வழியில் கால் வழுக்கும் இடம் எது என்பது மட்டும் இல்லை. மலைபடுகடாம் செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் அனுப்புகிறது. அங்கே போய்ச் சேருமுன் கடக்கவேண்டிய மலைவழியைத்தான் புலவர் அடி அடியாகச் சொல்கிறார்.

என்னென்ன சொல்கிறார்? தினைப்புனத்துக்கு வரும் பன்றிக்காகப் புழைதோறும் கற்பொறி வைத்திருப்பார்கள், ஆகவே விடிந்தபின் போங்கள். பாம்பு ஒடுங்கும் குழிகள் உண்டு, குறித்துக்கொண்டு சற்றே விலகிப் போங்கள். யானையை விரட்டப் பரண்மேலிருந்து கவண்கல் எறிவார்கள், மரத்தை மறைவாகக் கொள்ளுங்கள். காட்டாற்று ஓரம் வழுக்கும். கொடி சுற்றிய கழியைப் பற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு ஒருவரையொருவர் காத்துக் கடந்து செல்லுங்கள். இருட்டினால் குகையில் தங்குங்கள். வழி பிரியும் இடத்தில், பின்னால் வருகிற புதியவர்களுக்காகப் புல்லை முடிந்து வையுங்கள்.

இந்தப் பாட்டில் வரும் நவிரம் என்ற மலையைத்தான் இன்றைய பர்வதமலை என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். அங்கே உறையும் காரியுண்டிக் கடவுள், நஞ்சுண்ட சிவன் என்பது உரைவழிப் பொருள். பாட்டு பேசும் சேயாறு இன்றைய செய்யாறு. ஊர் அடையாளத்தை நூற்றுக்கு நூறு நிறுவிவிட முடியும் என்று நான் வாதாட மாட்டேன். என் வாதத்துக்கு அது அவ்வளவாகத் தேவையும் இல்லை. அந்த வட்டாரத்து மலைகளில் நடப்பவனுக்கு எதைச் சொல்லவேண்டும் என்பதை ஒருவர் அப்போதே வரிசைப்படுத்திவிட்டார் என்பதே போதும்.

வசதிக்காக முதல் வகைப் பேச்சை ‘திருமுருகு’ என்றும் இரண்டாவதை ‘மலைகடாம்’ என்றும் இனிக் குறிப்பேன். ஒன்று சேருமிடத்தின் பெருமை. மற்றது வழியின் ஆபத்து.

3. பர்வதமலை: களக்குறிப்பு

மலையின் உயரம் நாலாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல். உச்சியில் மல்லிகார்ச்சுனேசுவரரும் பிரமராம்பிகையும். ஸ்ரீசைலத்துப் பெயர்களே இங்கேயும். தென்மாதிமங்கலம், கடலாடி என்று இரண்டு பக்கமிருந்தும் ஏறலாம். அடிவாரத்தில் பச்சையம்மன், வீரபத்திரர். மேலே சுவாமிக்குப் பக்தர்கள் தம் கையாலேயே அபிஷேகம் செய்யும் வழக்கம் உண்டு. வேனில் திருமுருகு ஓடுவதெல்லாம் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்: “நீயே சாமியத் தொட்டு ஊத்தலாம் மச்சான்.”

நாங்கள் முதல்முறை போனபோது இரவில்தான் ஏறினோம். சி ஷிப்ட் என்னும் இரவு வேலை பழகிய உடம்புக்கு ராத்திரி விழித்திருப்பது பெரிய விஷயமில்லை என்று எல்லோரும் நினைத்திருந்தோம். விழித்திருப்பது வேறு, ஏறுவது வேறு என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. படிக்கட்டு முடிந்து கரடுமுரடான பாறைவழி தொடங்கிய இடத்தில், எதிரே இறங்கி வந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் எங்களை நிறுத்தினார். காவி வேட்டி, தோளில் துண்டு, கையில் கம்பு.

“சாமி, தண்ணி எவ்ளோ வச்சிருக்கீங்க?”

“ஆளுக்கு ஒரு பாட்டில் சாமி.”

“பத்தாது. கீழயே ரொப்பிட்டு வந்திருக்கணும். இருக்கறத சப்பி சப்பிக் குடிங்க. கடப்பாரைகிட்டப் போனா போன உள்ள வச்சிடுங்க, ரெண்டு கையும் வேணும். மழை தூறுனா பாறையில கால வைக்காதீங்க, அப்படியே உக்காந்துடுங்க.”

சாமி எப்படி இருக்கிறார், தரிசனம் எப்படி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னது முழுக்க மலைகடாம். பற்றவேண்டிய பிடி, வழுக்கும் இடம், நிற்கவேண்டிய வேளை. பிற்பாடு வீட்டில் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபோது, இரண்டுக்கும் வரிசைகூடக் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது.

கடப்பாரைப் படி பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். செங்குத்தான பாறையில் கடப்பாரைகளை அடித்து இறக்கியிருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளச் சங்கிலி. விடியற்காலை மூன்று மணிக்கு அந்த இரும்பு பனியில் நனைந்து சில்லென்று இருந்தது. துரு இல்லை, எத்தனையோ உள்ளங்கைகள் தேய்த்துத் தேய்த்து மழுமழுவென்று ஆகிவிட்டது. முன்னால் ஏறியவனின் குதிகால் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். டார்ச் வெளிச்சம் அவன் காலை விட்டு நகர்ந்தால் எனக்கு அடுத்த பிடி தெரியாது. “இடது கால மேல… இன்னும் மேல… ஆங், அங்கதான்” என்று மேலிருந்து ஒரு குரல் சொல்லிக்கொண்டே வந்தது. எங்கள் வேன் ஆள் இல்லை அவர். இறங்கும்போது தேடினேன், கிடைக்கவில்லை.

4. வழி சொல்பவர் என்னும் நிறுவனம்

தமிழ்நாட்டார் போகும் மலைகளை இந்தக் கோணத்தில் பார்த்தால் மூன்று நிலைகள் தெரிகின்றன.

சபரிமலையில் வழி சொல்பவருக்குப் பதவியே உண்டு. குருசாமி இல்லாமல் கன்னிசாமி இல்லை. 41 நாள் விரதத்தில் அவர் மாலை போடுகிறார், இருமுடி கட்டுகிறார், கூட்டிப் போய்க் கூட்டி வருகிறார். பதினெட்டு முறை போனவர் தென்னங்கன்று கொண்டுபோய் நடுவது ஒருவகையில் பட்டமளிப்பு விழாதான்.

திருமலையில் வழியே பேசிவிடுகிறது. அலிபிரியிலிருந்து 3,550 படிகள், ஸ்ரீவாரி மெட்டில் 2,388. எண்ணி முடித்த படியில், கூரையும் குழாயும் உள்ள பாதையில், வழி சொல்பவருக்கு வேலை இல்லை. ஆனால் 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றதும், கைக்குக் கம்பு, கூட்டமாகப் போங்கள், பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு என்று தேவஸ்தானம் சொல்லவேண்டி வந்தது. பிள்ளைகளோடு ஒருவரையொருவர் காத்துப் போங்கள் என்று கௌசிகனார் சொன்னதற்கும் இதற்கும் சொல்லில்தான் வேறுபாடு.

பர்வதமலை, வெள்ளியங்கிரி, சதுரகிரி மூன்றும் நடுநிலை. குருசாமியும் கட்டாயமில்லை, படியும் முழுதாக இல்லை. இந்த நடுவில்தான் உயிர் போகிறது. 2015 மே மாதம் சதுரகிரியில் காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றது. 2024இல் வெள்ளியங்கிரியின் ஏழு மலை ஏறும் பருவத்தில் மூச்சுத்திணறியும் நெஞ்சு அடைத்தும் பலர் இறந்தார்கள். வனத்துறை நாளையும் மாதத்தையும் வரையறுப்பதை ஆன்மிகத்தில் தலையீடு என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடிந்தபின் போங்கள் என்பதும் ஒரு கட்டுப்பாடுதானே.

5. கைபேசித் திருமுருகு

இப்போது மலைக்குப் புதிதாக வரும் பையன் பெரும்பாலும் அரை நிமிடக் காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறான். மேகம் காலுக்குக் கீழே, பின்னணியில் உடுக்கை, ஒருவன் கைவிரித்து நிற்பது. அது திருமுருகு வகை; அதில் பொய் இல்லை, அழகும் குறையில்லை. ஆனால் தண்ணீர் எங்கே தீரும் என்பது அரை நிமிடத்தில் இடம் பிடிக்காது. உச்சியைப் படம் பிடித்தவன், பாதியில் வாந்தி எடுத்ததைப் படம் பிடிப்பதில்லை. நானும் பிடிக்கவில்லை.

குன்றத்தூர்ச் சேக்கிழார் ஏறுபவர் படும் பாட்டை எவ்வளவு நுட்பமாகக் கையாண்டார் என்பது ஒரு கிளைக்குறிப்பு. காரைக்காலம்மையார் கைலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் ஏறியதைப் பெரியபுராணம் சொல்கிறது. அப்பரோ கைலை நோக்கி நடந்து, கால் தேய்ந்து, கை தேய்ந்து, உருண்டு, அதுவும் முடியாமல் கிடந்தவர். கடைசியில் திருவையாற்றில்தான் காட்சி கிடைத்தது. உடம்பு பட்ட பாட்டை விட்டுவிட்டு உச்சியை மட்டும் பாடச் சேக்கிழாருக்கு மனம் வரவில்லை.

6. புல்முடி

இரண்டாவது முறை இறங்கும்போது எங்களோடு வந்த அப்ரண்டிஸ் பையன் ஒருவன், பாதை இரண்டாகப் பிரியும் ஓர் இடத்தில் நின்றான். ஏறும்போது அங்கே இருட்டில் தவறான பக்கம் போய் இருபது நிமிடம் முள்ளில் மாட்டியிருந்தோம். தலையில் கட்டியிருந்த கைக்குட்டையைக் கிழித்து, சரியான பக்கத்துக் கிளையில் மார்பு உயரத்தில் இறுக்கி முடிந்தான். மலைபடுகடாம் என்ற பெயரைக்கூட அவன் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின சனிக்கிழமை ஏரிக்கரை டீக்கடையில் அவனைப் பார்த்தேன். இரண்டு புதுப் பையன்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். உச்சியில் எடுத்த படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். “அது அப்புறம் காட்றேன், மொதல்ல இத கேளு. ஆளுக்கு மூணு பாட்டில்” என்று ஆரம்பித்தான்.